பிள்ளைத்தாச்சிகளின் நாரி நோவும் கவட்டு நோவும்: அன்றாடம் சமாளிக்கும் முறை

ஒற்றைக் காலில் நின்று உள்பாவாடைக்குள் மற்றக் காலை விடும்போது அடிவயிற்றுக்குக் கீழே, முன்னெலும்பில் சுரீர் என்று இழுக்கும். இரவில் இடப்பக்கம் படுத்தவர் வலப்பக்கம் திரும்ப அரை நிமிடம் யோசிப்பார். ஓட்டோவில் இருந்து இறங்கும்போது ஒரு கால் தரைக்கு வந்துவிடும், மற்றக் கால் உள்ளே நின்று அடம்பிடிக்கும். கர்ப்ப காலத்தில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது வெறும் நாரி உளைவு இல்லை, இடுப்பு வளையத்தின் மூட்டுகளில் வருகிற நோ. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது.

'பிள்ளைத்தாச்சி எண்டால் நாரி நோகத்தான் செய்யும்' என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு, பலர் கிளினிக்கில் வாயே திறப்பதில்லை. அடிக்கடி வருகிற நோ என்பது உண்மை. அதற்காகப் பேறு வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. தொடங்கிய கிழமையிலேயே நடை, படுக்கை, வேலை முறைகளை மாற்றியவர்களுக்கும், கட்டிலை விட்டு எழும்ப முடியாத நிலை வந்த பிறகு மாற்றியவர்களுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

எங்கே நோகிறது, ஏன் நோகிறது

இடுப்பெலும்பு ஒரு வளையம். அதில் மூன்று பூட்டுகள். முன்னால் அடிவயிற்றின் கீழ் எல்லையில் கையை அழுத்தினால் தட்டுப்படும் எலும்பின் நடுவில் ஒன்று. பின்னால் நாரிக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி விழும் இடங்களில் இரண்டு. சாதாரண நாளில் முன்பூட்டின் இடைவெளி 4 முதல் 5 மில்லிமீற்றர். கர்ப்பத்தில் ஓமோன்கள் எலும்புகளைப் பிணைக்கும் நாண்களை இளக்குவதால் இன்னும் 2 அல்லது 3 மில்லிமீற்றர் கூடும். பிள்ளை வெளியே வருவதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. வயிறு முன்னால் தள்ளத் தள்ள உடலின் பாரம் விழும் இடமும் மாறும், தொடையிலும் பிட்டத்திலும் உள்ள தசைகளுக்கு வேலை கூடும். மூன்று பூட்டுகளும் ஒத்தபடி அசையாமல் ஒன்று கூடவும் ஒன்று குறையவும் அசையும்போது நோ பிறக்கிறது.

'எலும்பு விலகிப்போச்சு' என்று பயப்படுத்துபவர்கள் உண்டு. முன்பூட்டு 10 மில்லிமீற்றருக்கு மேல் விரிவதைத்தான் விலகல் என்பார்கள், அது அரிது. இளகின அளவுக்கும் நோகிற அளவுக்கும் நேரான கணக்கு எதுவும் இல்லை. கொஞ்சம் இளகியவர் படுக்கையில் கிடப்பார், நன்றாக இளகியவர் சந்தைக்குப் போய்வருவார். 'கல்சியம் காணாது' என்ற விளக்கமும் பெரும்பாலும் பொருந்தாது. கிளினிக்கில் தருகிற கல்சியம் குளிசையைத் தவறாமல் எடுங்கள், இரும்புக் குளிசையோடு ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். இந்த நோவைப் போக்கும் மருந்தாக அதை நினைத்துக் கூட்டி எடுக்கவும் வேண்டாம்.

பிள்ளைக்கு இதனால் ஒரு கெடுதியும் இல்லை. நோ தாய்க்கு மட்டும்தான்.

முந்தைய கர்ப்பத்தில் இதே நோ வந்தவர்கள், முன்பே நாரி வருத்தம் உள்ளவர்கள், இடுப்பில் அடிபட்டவர்கள், குனிந்து தூக்கும் வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு வரும் வாய்ப்புக் கூட.

வேறு நோக்களோடு குழப்பிக்கொள்ளவும் இடமுண்டு. தும்மும்போதோ சடக்கென்று எழும்பும்போதோ அடிவயிற்றின் ஒரு பக்கம் மின்னல் போல இழுத்து சில நொடியில் விட்டால், அது கருப்பையைத் தாங்கும் நாண் இழுபடுவது. பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே பாதம் வரை விறைப்போ எரிவோ ஓடினால் நரம்பு அழுத்தப்படுகிறது. இடுப்பு வளைய நோ பெரும்பாலும் முழங்காலுக்கு மேலேயே நிற்கும். முன்னெலும்பு, கவடு, உள்தொடை, பிட்டம், நாரியின் அடி என்று இடம் மாறி மாறியும் வரும். நடக்கும்போது முன்னால் 'கிளிக்' என்று சத்தம் கேட்கலாம். அது மட்டும் கேட்டால் பயமில்லை.

ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். கடைசி மூன்று மாதத்தில் ஒரு பக்கக் கவட்டில் மட்டும் நோ தொடங்கி, கால் ஊன்ற ஊன்றக் கூடி, நொண்டி நடக்கும் நிலைக்கு வந்தால், அது இடுப்பு மூட்டின் எலும்பு தற்காலிகமாக மெலிந்ததாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் அந்த எலும்பு முறியக்கூடும். அந்தக் காலில் பாரம் போடாமல் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை

இரண்டு முழங்கால்களும் சேர்ந்தபடி, இரண்டு காலிலும் பாரம் சமமாக. நோவைக் கூட்டுகிற அசைவுகளை எடுத்துப் பார்த்தால் எல்லாமே இதை மீறுபவை: கால் அகட்டுவது, ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு பக்கம் சரிந்து இருப்பது, இடுப்பை முறுக்குவது. எந்தப் புது வேலை வந்தாலும் இந்த அளவுகோலை வைத்து நீங்களே தீர்மானிக்கலாம்.

இன்னொன்று. இந்த நோ தாமதித்துத்தான் கணக்குக் கேட்கும். வேலை செய்யும் நேரம் சுகமாக இருந்து, இரவு படுத்த பிறகோ மறுநாள் காலையோ வரும். அதனால் 'இப்ப நோகேல்ல' என்பதை வைத்து அளவு பார்க்காதீர்கள். நேற்று என்ன செய்தேன், இன்று எப்படி இருக்கிறது என்று ஒரு கிழமை கொப்பியில் எழுதினால் உங்கள் எல்லை தெரிந்துவிடும்.

இரவு

அதிகம் பேர் அழுவது படுக்கையில்தான். பக்கவாட்டில் படுங்கள். 28 கிழமைக்குப் பிறகு பிள்ளையின் பாதுகாப்புக்கும் மல்லாந்து தூங்குவதைவிடப் பக்கவாட்டுத் தூக்கமே நல்லது, இடமோ வலமோ எதுவும் சரி. ஒரு தலையணையை முழங்கால்களுக்கு நடுவில் வைப்பது எல்லோருக்கும் தெரியும். பிழைவிடும் இடம் அதன் நீளம். முழங்காலில் மட்டும் சின்னத் தலையணை வைத்தால் பாதம் கீழே தொங்கும், தொடை உள்ளே முறுகும், நோ தொடரும். முழங்காலில் இருந்து கணுக்கால் வரை போக வேண்டும். நீளத் தலையணை இல்லாவிட்டால் இரண்டு பழைய சீலைகளைச் சுருட்டித் தலையணை உறைக்குள் அடையுங்கள். வயிற்றுக்குக் கீழே ஒரு மடித்த துவாய் வைத்தால் வயிற்றின் பாரம் நாரியை இழுக்காது.

திரும்பும்போது: முழங்கால்களை மடித்து, தலையணையையே நசுக்கிப் பிடிப்பது போல இறுக்குங்கள். சலத்தை அடக்குவது போலக் கீழ்த் தசையை உள்ளே இழுங்கள். மூச்சை விட்டபடி தோள், இடுப்பு, முழங்கால் மூன்றையும் ஒரே நேரத்தில், தென்னங்குற்றி உருளுவது போல் உருட்டுங்கள். தோள் முதலில் போய் இடுப்பு பிறகு வந்தால்தான் பூட்டு முறுகும். வயிறு பெருத்த கடைசி மாதங்களில் இதுவும் கஷ்டமாக இருந்தால், கை முழங்கால் ஊன்றி எழும்பி, அப்படியே மற்றப் பக்கம் சரிந்து படுப்பது சுகம். பருத்தி விரிப்பு உடம்பைப் பிடித்துக்கொள்ளும். இடுப்பு வரும் இடத்தில் சாட்டின் போன்ற வழுக்கும் துணி ஒன்றை விரித்தால் பாதிப் பாரம் குறையும்.

எழும்புவதற்கு, பக்கவாட்டில் கட்டில் ஓரத்துக்கு வந்து, முழங்கால்கள் ஒட்டியபடி இரண்டு காலையும் ஒன்றாகக் கீழே விட்டு, கையால் படுக்கையைத் தள்ளி இருங்கள். இருந்த பிறகு பாதம் இரண்டையும் ஊன்றி எழும்புங்கள். இங்கே நுளம்புவலை செய்யும் கூத்து ஒன்று உண்டு. வலையை ஒரு மூலையில் மட்டும் தூக்கி, அந்த இடைவெளியால் முதலில் ஒரு காலை நீட்டி வெளியே வருவதுதான் வழக்கம். கவட்டுக்கு அதைவிடக் கெட்ட அசைவு கிடையாது. படுத்தபடியே வலையின் ஒரு பக்கம் முழுவதையும் உருவி மேலே போட்டுவிட்டு எழும்புங்கள். இரவில் நாலு தரம் சலம் போக எழும்பும் காலத்தில் இது பெரிய விஷயம்.

பாயில் படுப்பவர்கள் இந்த மாதங்களுக்காவது கட்டிலுக்கு மாறுவது நல்லது. கட்டிலில் இருக்கும்போது முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். தாழ்ந்த கட்டிலென்றால் இரண்டாவது மெத்தை ஒன்றை மேலே போடுங்கள். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்த வேண்டாம், ஆடும். பாய்தான் என்றால், எழும்பும்போது கை முழங்கால் ஊன்றி, பக்கத்தில் ஒரு பாரமான கதிரையைப் பிடித்து, நோ குறைந்த காலை முன்னால் வைத்து எழும்புங்கள். பிளாஸ்ரிக் கதிரை சரியும், யாராவது பிடித்திருக்க வேண்டும்.

உடுப்பு, குளிப்பு, குசினி

உடுப்பு மாற்றுவது இருந்தபடிதான். உள்ளுடுப்பைத் தரையில் வட்டமாக வைத்து இரண்டு பாதத்தையும் உள்ளே விட்டு, முழங்கால் வரை இழுத்த பிறகு எழும்புங்கள்.

குந்தி இருக்கிற மலசலகூடம் இந்த நோவுக்கு ஆகாது. கொமட் இல்லாத வீட்டில், நடுவில் துளையுள்ள கொமட் கதிரை ஒன்றைக் குழிக்கு மேலே வைக்கலாம். மலச்சிக்கல் இருந்தால் முக்குவதாலும் இடுப்பு நோகும். இரும்புக் குளிசை எடுப்பவர்களுக்கு இது அதிகம் வரும். தண்ணீரும் கீரையும் எடுங்கள், பப்பாசியைத் தவிர்ப்பவர்கள் அதற்குப் பதிலாக நல்ல வாழைப்பழம் எடுங்கள்.

கிணற்றில் அள்ளிக் குளிப்பவர்கள் வாளி இழுக்கும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள். தூக்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு கையில் நிறை வாளி வேண்டாம், இரண்டு கையிலும் அரை அரை வாளி. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில் வார்த்தால் நாரி நோ போகும் என்று கூட்டிப்போவார்கள். வெந்நீர் தசையைக் கொஞ்ச நேரம் இளக்கும் என்பது உண்மைதான். அங்கே குனிந்து வாளியில் அள்ளுவதும் ஈரக் கல்லில் நடப்பதும் அந்தச் சுகத்தைத் திருப்பி வாங்கிவிடும். போவதானால் மற்றவர் அள்ளி வார்க்க, நீங்கள் இரண்டு காலும் ஊன்றி நில்லுங்கள். அதே சுகம் வீட்டில் ஒரு சுடுதண்ணிப் போத்தலிலும் கிடைக்கும்.

குசினியில் முதல் எதிரி திருவலை. பலகையில் ஒரு காலை மடித்து ஒரு காலை அகட்டி, உடம்பை முன்னால் வளைத்துப் பத்து நிமிடம் துருவுவதில் இந்த நோவுக்கு ஆகாத அசைவு எல்லாம் ஒன்றாக இருக்கிறது. மேசை விளிம்பில் பூட்டிக் கைபிடியால் சுற்றும் துருவி வாங்குங்கள், அல்லது வீட்டில் மற்றவர் துருவட்டும். குந்தி இருந்து மீன் வெட்டுவது அடுத்தது. பலகையையும் கத்தியையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். அடுப்படியில் 10, 15 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து நிற்காமல் உயரமான ஸ்ரூலில் இருந்து செய்யுங்கள். நாரி நோவுக்கு ஒரு காலைச் சின்னப் பலகையில் தூக்கி வைத்து நிற்கச் சொல்வார்கள். இடுப்பு வளைய நோ உள்ளவர்களுக்கு அது ஆகாது, மற்றக் காலில் பாரம் முழுக்க இறங்கிவிடும்.

முற்றத்தை ஈர்க்கு விளக்குமாற்றால் குனிந்து கூட்டுவதை விட்டுவிடுங்கள். உள்ளே கூட்டுவதற்கு நீளத் தடி போட்ட தும்புத்தடி. கூட்டும்போது இடுப்பைத் திருப்பாமல் பாதத்தை நகர்த்துங்கள். உடுப்புத் தோய்க்கும் பேசினைக் கதிரையில் தூக்கி வையுங்கள்.

மூத்த பிள்ளை இருந்தால் அதை ஒரு பக்க இடுப்பில் தூக்கி வைப்பது எங்கள் ஊரில் எல்லாத் தாய்மாருக்கும் கை வந்த பழக்கம். இந்த நோவுக்கு அதைவிடப் பெரிய காரணம் வீட்டில் வேறு இருக்காது. பிள்ளையிடம் 'மடியில் ஏறு' என்று சொல்லி, நீங்கள் கதிரையில் இருங்கள். தூக்கியே ஆகவேண்டிய தருணத்தில் நெஞ்சோடு நடுவில் அணைத்துத் தூக்குங்கள்.

நிலத்தில் சம்மணம் கொட்டி இருப்பது, கால் மேல் கால் போடுவது, ஒரு பக்கம் காலை மடித்து இருப்பது மூன்றும் நிற்க வேண்டும். கோயிலில் விழுந்து கும்பிடுவதும் அடியழிப்பதும் பேற்றுக்குப் பிறகு பார்க்கலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் சகோதரிகள் கதிரையில் இருந்து தொழலாம், முடியாதவருக்கு அந்த இலகு மார்க்கத்திலேயே இருக்கிறது.

வெளியே போகும்போது

மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பக்கமாக இருந்து போவது இடுப்பை முறுக்கியே வைத்திருக்கும். குன்றும் குழியுமான வீதியென்றால் ஒவ்வொரு அடியும் பூட்டில்தான் விழும். ஓட்டோ எவ்வளவோ மேல். ஏறும்போது முதுகை உள்ளே காட்டி, சீட்டில் இருந்துகொண்டு, முழங்கால்களைச் சேர்த்து இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்புங்கள். இறங்கும்போது அதையே தலைகீழாகச் செய்யுங்கள். சீட்டில் ஒரு பொலித்தீன் பையை விரித்து அதன் மேல் இருந்தால் உடம்பு இலகுவாகச் சுழலும். வண்டி ஓடத் தொடங்கும் முன் பையை உருவி எடுத்துவிடுங்கள், பிரேக் போட்டால் வழுக்கும். ஓட்டோக்காரரிடம் 'மெல்லமாப் போங்கோ, பள்ளத்தைப் பாத்து' என்று முதலே சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

பஸ்ஸின் முதல் படி உயரம். நோ குறைந்த காலால் ஏறி, மற்றக் காலை அதே படிக்குக் கொண்டுவந்து, பிறகு அடுத்த படி. இறங்கும்போது நோகிற கால் முதலில். கர்ப்பிணித் தாய்மாருக்கென்று முன்னால் ஒதுக்கிய சீட் உங்களுடையது, கேட்டு இருங்கள். படிக்கட்டு எங்கே வந்தாலும் இதே முறைதான். சுவாமி மலை ஏறிக் கோணேசரைக் கும்பிடப் போவதை நோ உள்ள நாளில் தள்ளிவையுங்கள். கடலைப் பார்த்தபடி கீழேயே நின்று கும்பிட்டாலும் அவருக்குக் கேட்கும்.

நடை நல்லது. தட்டையான, இறுகிய தரையில், குறுகிய அடி வைத்து, 10 நிமிடம் தொடங்கிப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை மணலில் நடப்பது ஆரோக்கியம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் மற்றதைவிடத் தாழ்வாக ஊன்றும், மணலில் பாதம் புதையும். நோ உள்ள இடுப்புக்கு அது ஆகாது. கச்சான் காற்று அனல் வீசும் மாதங்களில் காலை 7 மணிக்கு முன் நடந்து முடியுங்கள். தேய்ந்த றப்பர் செருப்பை மாற்றி, குதிக்குப் பின்னால் வார் உள்ள தட்டைச் செருப்புப் போடுங்கள்.

நீச்சல் குளம் கிடைத்தால் நெஞ்சளவு நீரில் நடப்பது சிறப்பு, பாரத்தில் பெரும்பகுதியை நீர் ஏந்தும். தவளை போலக் காலை அகட்டி உதைத்து நீந்தக் கூடாது. கடலில் அலை பக்கவாட்டில் தள்ளும். கடல் தூங்கும் காலத்திலும் தனியாக இறங்க வேண்டாம்.

இடுப்புப் பட்டி

பாமசியில் விற்கும் பட்டி எல்லாருக்கும் உதவாது. வாங்கும் முன் ஒரு சோதனை. மல்லாந்து படுத்து, ஒரு காலை நீட்டியபடி குதி 20 சென்ரிமீற்றர் உயரத் தூக்குங்கள். கால் கல்லாகப் பாரிக்கிறதா என்று பாருங்கள். இப்போது வீட்டில் ஒருவர் உங்கள் இடுப்பின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் உள்நோக்கி அழுத்த, திரும்பத் தூக்குங்கள். இலகுவாகத் தூக்க முடிந்தால் பட்டி உங்களுக்கு உதவும். வித்தியாசம் இல்லாவிட்டால் காசை மிச்சம் பிடியுங்கள். மல்லாந்து படுக்கத் தலைசுற்றினால் உடனே பக்கவாட்டில் திரும்புங்கள்.

கட்டும் இடத்தில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். வயிற்றின் மேலே இல்லை. வயிற்றுக்குக் கீழே, தொடையின் பக்கவாட்டில் தட்டுப்படும் எலும்புப் புடைப்புக்குச் சற்று மேலே சுற்றி, முன்னெலும்பின் மேல் வந்து முடிய வேண்டும். பட்டிக்குள் இரண்டு விரல் போகும் அளவு இறுக்கம். நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் மட்டும் போடுங்கள், படுக்கும்போது கழற்றுங்கள். கட்டியதும் நோ கூடினாலோ கால் விறைத்தாலோ அது உங்களுக்குச் சரிவராது. எங்கள் வெக்கையில் வேர்வை பட்டுத் தோல் வெந்துவிடும், மெல்லிய பருத்தித் துணிக்கு மேலேயே கட்டுங்கள். பட்டி வாங்கும் வரை பழைய பருத்திச் சீலையை 10 சென்ரிமீற்றர் அகலமாக மடித்து அதே இடத்தில் சுற்றி ஊசி குத்திக்கொள்ளலாம்.

பயிற்சி

படுத்துக் கிடந்தால் தசை தளரும், பூட்டைப் பிடித்துவைக்க ஆள் இல்லாமல் போகும். ஓய்வும் பயிற்சியும் சேர்ந்தே வேண்டும். நோ கூடாத அளவில் கீழே உள்ளவை போதும்.

கீழ்த்தசை: சலத்தையும் காற்றையும் ஒன்றாக அடக்குவது போல உள்ளே மேலே இழுத்து, 10 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். முடியாவிட்டால் 3 எண்ணில் தொடங்குங்கள். 10 முறை. பிறகு சடக்கென இழுத்து விடுவது 10 முறை. நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்காதீர்கள். உண்மையில் சலம் போகும்போது நிறுத்திப் பழக வேண்டாம்.

முழங்கால் நசுக்கல்: கதிரையில் இருந்து, முழங்கால்களுக்கு நடுவில் மடித்த தலையணை வைத்து, மெதுவாக 5 எண்ணும் வரை நசுக்கி விடுங்கள், 10 முறை. முன்பூட்டில் குத்தினால் பாதி பலத்தில் செய்யுங்கள், அப்போதும் குத்தினால் விடுங்கள்.

பூனை முதுகு: கை முழங்கால் ஊன்றி, மூச்சை விட்டபடி வயிற்றை உள்ளே இழுத்து முதுகை மேலே வளைத்து, பிறகு சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். கீழே தொங்க விடாதீர்கள். 10 முறை. மாலையில் நாரி உளைவுக்கு இதுவே பலருக்கு முதல் மருந்து.

பிட்டத் தசையை இறுக்கி 5 எண்ணும் வரை பிடிப்பது பஸ்சிலோ கிளினிக் வாங்கிலோ இருந்தபடியே செய்யலாம்.

இரண்டு கிழமையில் மாற்றம் தெரியாவிட்டால், அல்லது நடையே தடைப்பட்டால், கிளினிக்கில் இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ற்) அனுப்பக் கடிதம் கேளுங்கள். பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொல்வதே முதல் படி. 'நாரி நோகுது' என்று மட்டும் சொன்னால் 'எல்லாருக்கும் வாறதுதான்' என்ற பதில்தான் வரும். 'கட்டிலில திரும்ப ஏலாது, படி ஏற ஏலாது, ஒற்றைக் காலில நிக்க ஏலாது' என்று செயலைச் சொல்லுங்கள். கையில் ஊன்றும் தடி தேவைப்பட்டால் இரண்டாகக் கேளுங்கள். ஒரு தடி பாரத்தை ஒரு பக்கம் தள்ளும்.

சூடு, குளிர், குளிசை, எண்ணெய்

பிட்டத்திலும் நாரியிலும் உள்ள உளைவுக்குத் துவாயில் சுற்றிய சுடுதண்ணிப் போத்தல் 10 முதல் 15 நிமிடம். வயிற்றில் வைக்க வேண்டாம். முன்னெலும்பில் குத்தும் நோவுக்குத் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம்.

பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 8க்கு மேல் இல்லை. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் டொக்டரிடம் அளவு கேளுங்கள். நாட்கணக்கில் தேவைப்பட்டாலும் அப்படியே. ஐபுபுரூபன், டைக்குளோபினாக் இரண்டையும் நீங்களாக வாங்கி எடுக்கக் கூடாது. 20 கிழமைக்குப் பிறகு அவை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பிள்ளையைச் சூழ்ந்துள்ள பன்னீரைக் குறைக்கலாம். இன்னும் பிந்தினால் பிள்ளையின் இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள, பிறந்த பிறகே மூட வேண்டிய குழாயை முன்கூட்டியே மூடச் செய்யலாம். பல்லு நோவுக்கென்று வீட்டில் வாங்கி வைத்த குளிசையின் பெயரையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பூசும் ஜெல்லிலும் அதே மருந்து இருக்கும், அதையும் கேட்டே பூச வேண்டும்.

நல்லெண்ணெய் தடவி பிட்டத்தையும் தொடையையும் மெல்லத் தேய்ப்பதில் பிழையில்லை. எலும்பைப் 'பூட்டி' விடுகிறேன் என்று காலை இழுத்துச் சொடுக்குவதும் வயிற்றை உருவுவதும் கூடவே கூடாது.

உடனே போக வேண்டிய நேரங்கள்

இரத்தம் அல்லது பன்னீர் போனால், பிள்ளையின் துடிப்பு வழமையைவிடக் குறைந்தால், 37 கிழமைக்கு முன் நோ விட்டு விட்டு ஒழுங்கான இடைவெளியில் வந்தால், கடுமையான தலையிடியும் கண் மங்கலும் இருந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். சலம் கடுத்து, காய்ச்சலும் விலாவோடு சேர்ந்த நோவும் வந்தால் சிறுநீர்த் தொற்று, அதை அன்ரிபயோட்டிக் மருந்தால்தான் மாற்ற வேண்டும். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கிச் சூடாகி நொந்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். கவட்டைச் சுற்றி உணர்வு மரத்தாலோ, சலமோ மலமோ அடக்க முடியாமல் போனாலோ, கால் சோர்ந்தாலோ, விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டாலோ ஒரு மணி நேரமும் பொறுக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பேற்று அறைக்கு

இந்த நோ இருப்பதால் சத்திரசிகிச்சைதான் என்று இல்லை. பெரும்பாலானோர் சாதாரணமாகவே பெறுகிறார்கள். கால் எவ்வளவு அகட்டலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே அளந்து வையுங்கள். 36 கிழமையளவில் கட்டில் ஓரத்தில் இருந்து, பாதங்களை ஊன்றி, நோ தொடங்கும் வரை முழங்கால்களை மெதுவாக அகட்டுங்கள். உள்முழங்கால்களுக்கு நடுவில் எத்தனை சென்ரிமீற்றர் என்று தையல் நாடாவால் அளந்து, கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். பேற்று அறையில் உள்ள மருத்துவமாதுவிடமும் அந்த இலக்கத்தைச் சொல்லுங்கள். பக்கவாட்டில் படுத்து, அல்லது கை முழங்கால் ஊன்றிப் பெற முடியுமா என்று கிளினிக்கிலேயே கேட்டு வைத்தால் அந்த நேரத்தில் வாக்குவாதம் வராது. தையலுக்குக் காலைத் தூக்கி வைக்க நேர்ந்தால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும், ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். முதுகில் மரப்பு ஊசி போட்டிருந்தால் நோ தெரியாது, அப்போதுதான் அந்த அளவு இன்னும் முக்கியம்.

பிள்ளை பிறந்த பிறகு

பலருக்குச் சில கிழமைகளில் விட்டுவிடும், சிலருக்கு மாதங்கள் எடுக்கும். நாண்கள் பழையபடி இறுக நேரம் வேண்டும். முதல் நாளே நோ இல்லை என்று வாளி தூக்காதீர்கள். வயிறு இறங்கச் சீலை கட்டிவிடும் பெரியவர்களிடம், மேல் வயிற்றில் இறுக்காமல் பட்டி கட்டிய அதே இடத்தில், இடுப்பில் தாழ்த்திக் கட்டச் சொல்லுங்கள். பால் கொடுக்கும்போது முதுகு சாயும் கதிரை, இரண்டு பாதமும் தரையில், மடியில் தலையணை. கீழ்த்தசைப் பயிற்சியைத் தொடருங்கள். 31ஆம் நாள் கழிந்தும் திரும்பிப் படுக்க நோகிறது என்றால் மீண்டும் இயன்மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த பிள்ளை தங்கினால் முதல் கிளினிக் நாளிலேயே 'போன முறை இடுப்பு நோ இருந்தது' என்று பதியச் சொல்லுங்கள், திரும்ப வரும் வாய்ப்பு உண்டு.

நிலத்தில் கால் நீட்டி இருந்து, பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவது கொஞ்சக் காலம் அம்மம்மாவின் வேலையாகவே இருக்கட்டும். நீங்கள் துவாயோடு கதிரையில் இருங்கள்.